பேர் கேட்டதும் வைத்தவர்கள்

செவல்கரையில் பொய்யாகக் கூப்பிட்டு நிஜமாக வந்து சேர்ந்த முதல் ஆள் நீலச்சட்டைக்காரர். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, மணி நாலு. லாரி புக்கிங் ஆபீஸ் வாசலில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த நாலு பேருக்குள், நூற்றெட்டு வண்டி எத்தனை நிமிஷத்தில் வரும் என்று ஒரு வாக்குவாதம் கிளம்பி, அது பிரியாணிப் பந்தயத்தில் போய் நின்று, புக்கிங் கிளார்க் கந்தையா போனை எடுத்து, வேப்ப மரத்தடியில் ஒருத்தர் விழுந்து கிடக்கார், அம்பது வயசு இருக்கும், நீலக் கட்டம் போட்ட சட்டை, நெஞ்சு வலிக்குங்கார், வேர்த்துக் கொட்டுது என்று வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னார். அவர் பேர் என்ன, கூப்பிடுகிற உங்கள் பேர் என்ன என்று அந்தப் பக்கம் கேட்டதும் படக்கென்று வைத்துவிட்டார். பதினேழாவது நிமிஷம் வண்டி வந்தது. வேப்ப மரத்தடியில் ஐம்பது வயதில் ஒருவர் நீலக் கட்டம் போட்ட சட்டையோடு விழுந்து கிடந்தார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

வண்டியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற செல்வக்கனி அவர் மூக்கில் ஆக்சிஜனை மாட்டினாள். வண்டி ஓட்டுகிற ஆசீர்வாதம், அந்த வேலையில் டிரைவரைப் பைலட் என்றுதான் சொல்வார்கள், பதினாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தாலுகா ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். பந்தயத்தில் ஜெயித்தது யார் என்பதில்தான் அன்றைக்குத் தகராறு நடந்ததே தவிர, அந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்பதில் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் வலி தெளிந்து, டாக்டர் பேரைக் கேட்டபோது, அவர் வாயைத் திறந்து யோசித்துவிட்டு மூடிக்கொண்டார். கந்தையா சொல்லாத பேர் அவருக்கு எப்படித் தெரியும்? மறுநாள் பஸ் ஏறி செவல்கரைக்கே வந்து சேர்ந்தார். அவருக்கு வேறு ஊர் எதுவும் தெரியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு, அதே வேப்ப மரத்தடியில் அவருக்கு அதே வலி வந்தது. கந்தையாவின் போன் கந்தையாவின் சட்டைப் பையில்தான் கிடந்தது, ஆனால் நூற்றெட்டுக்குக் கந்தையாவின் குரலில் அழைப்பு போயிருந்தது, அம்பது வயசு இருக்கும், நீலக் கட்டம் போட்ட சட்டை என்று ஒரு எழுத்து மாறாமல். வலி நிஜமான வலி. வண்டி வராமல் இருக்க முடியுமா? அதற்கடுத்த செவ்வாயும் வந்தது.

பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். உரக்கடை லிங்கதுரைக்கு ஒரு வியாழக்கிழமை டவுனில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு நிற்கச் சோம்பல்பட்டு, எங்க அண்ணனைப் பாம்பு கடிச்சிட்டு என்று கூப்பிட்டார். அவருக்கு அண்ணன் கிடையாது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டி வந்தபோது வரப்பில் ஒருவர் கணுக்காலில் இரண்டு பல் தடத்தோடு கிடந்தார். லிங்கதுரையும் கூட ஏறிக்கொண்டு, நினைத்தபடியே டவுன் போய்ச் சேர்ந்தார், புதிதாக ஒரு அண்ணனோடு. புருஷனைப் பயமுறுத்துவதற்காக ஒருத்தி கூப்பிட்டதில், பைப்படியில் மயங்கி விழுகிற ஒரு மஞ்சள் சேலைக்காரி வந்து சேர்ந்தாள், அவளுக்குத் திங்கட்கிழமை. இன்னும் இரண்டு பேர் உண்டு, அவர்களுக்குப் புதனும் சனியும்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது, மின்வெட்டு நேரத்துக்குப் பழகிக்கொண்ட மாதிரி. டீக்கடைச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது, எந்தக் கிழமை எந்த நேரம் வண்டி கிடைக்காது என்று. நிஜமாகவே நோவு வருகிறவர்கள் நேரம் பார்த்து வரவழைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நீலச்சட்டைக்காரர் கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் ஆனார், செவ்வாய் மட்டும் லீவு. பாம்புக்கடிக்காரர் டீக்கடையில் டம்ளர் கழுவினார். ரேஷன் கார்டு மனுவில் தகப்பனார் பேர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கிராம நிர்வாக அலுவலர் நாலு நாள் யோசித்து, 'தெரிவிக்கப்படவில்லை' என்று எழுதினார். கோயில் கொடை விழாவுக்கு வரி கொடுக்கிற தலைக்கட்டில் இவர்களையும் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு வாரம் பேச்சு நடந்தது. கடைசியில் சேர்த்துவிட்டார்கள். தலைக்கட்டில் சேர்த்தாயிற்று என்றால் அப்புறம் ஊர்க்காரர்தான்.

இது எதிலும் தனக்குச் சம்பந்தம் இல்லை என்பது தங்கப்பழத்தின் எண்ணம்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மஞ்சள் போர்டு போட்ட மொபைல் கடை அவனுடையது. வயது முப்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை, ஆகாததற்கு அவன் சொல்கிற காரணம் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒரு போனைப் பிரித்து மைக்கை மாற்றி மூடினால் பேசிப் பார்க்க வேண்டும், பேசிப் பார்க்க காசு வேண்டும், காசு இல்லாத சிம்மிலும் போகிற நம்பர் ஒன்று இருக்கும்போது எவன் செலவழிப்பான்? எட்டு வருஷமாக நாளுக்கு இருபது முப்பது தடவை அவன் நூற்றெட்டைத்தான் அடித்தான். ஹலோ, ஹலோ, கேக்குதா என்பான். கேக்குது சார், என்ன அவசரம் என்று ஒரு பெண் குரல் வரும். ஒண்ணுமில்ல, டெஸ்டிங் என்று சொல்லி வைத்துவிடுவான். குரல்கள் மாறிக்கொண்டே இருந்தன, ஒன்று மட்டும் மாறவில்லை. எப்போதும் லேசாகச் சளி பிடித்த மாதிரி ஒரு குரல், அவனுடைய கேக்குதாவைக் கேட்டதுமே பெருமூச்சு விடுகிற அளவுக்குப் பழகிப்போன குரல். தங்கப்பழம் ஒருநாளும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. மற்றவர்கள் பொய் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லையே. அது டெஸ்டிங்.

ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கையில் இருந்த போனில் ஒரு கரகரப்பு. மைக்கில் இல்லை, ஸ்பீக்கரில். எதிர்ப்பக்கம் ஒரு நிமிஷமாவது பேசினால்தான் அது தெரியும். கேக்குதா என்றான். அந்தச் சளிக் குரல்தான் எடுத்தது.

"சார், உங்க குரல் எனக்குத் தெரியும். நீங்க சும்மா பேசற இந்த நேரத்துல லைன்ல வேற ஒருத்தர் காத்திருப்பாங்க. அவசரம் இருந்தா சொல்லுங்க, இல்லைன்னா வைங்க."

வைத்திருக்கலாம். ஆனால் கரகரப்பு அப்போதுதான் தலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரால் ஸ்பீக்கரை அழுத்திக்கொண்டே, "அவசரந்தாம்மா. எங்க வீட்டுக்காரிக்குப் பிரசவ வலி" என்றான்.

குரல் உடனே மாறிவிட்டது. என்ன வயசு என்று கேட்டது, முப்பத்தொண்ணு என்றான். எத்தனையாவது பிரசவம், மொதப் பிரசவம். எத்தனை மாசம், ஒம்பது முடிஞ்சிட்டு. பக்கத்துல அடையாளம் என்ன சார், பஸ் ஸ்டாண்டு எதுக்க மஞ்ச போர்டு போட்ட மொபைல் கடை. கரகரப்பு நின்றுவிட்டது, குரல் கண்ணாடி மாதிரி தெளிவாகக் கேட்டது. "அவங்க பேர் என்ன சார்?" என்றது. தங்கப்பழம் போனை வைத்துவிட்டான்.

வைத்துவிட்டு நிமிர்ந்தால், கடைப் படியில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு வயது, முதல் பிரசவம், ஒன்பது மாசம் முடிந்த வயிறு. அவனைத் திரும்பிப் பார்த்து, "ஏங்க, முடியல" என்றாள்.

அடுத்த கடையில் லேடீஸ் டெய்லரிங் வைத்திருந்த சண்முகத்தாய் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்து அவள் முதுகை நீவிவிட்டாள். "ஏ தங்கப்பழம், கல்யாணத்துக்குத்தான் சொல்லல, வளைகாப்புக்காவது சொல்லியிருக்கலாம்லா? சட்டை தச்சுக் குடுத்திருப்பேன்" என்றாள். வண்டி வந்தது. புருஷன்காரர் கூட ஏறுங்க என்று செல்வக்கனி அதட்டியதில் அவனும் ஏறினான். நான் புருஷன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது அந்தப் பெண் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், வலியில் நகம் பதிந்தது.

தாலுகா ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பொய் வலி, கூட்டிட்டுப் போங்க" என்றாள். பிள்ளை பிறக்காமல் வந்து போகிற வலிக்கு ஊரில் எல்லாரும் சொல்கிற சொல்தான் அது. ஆனால் தங்கப்பழத்துக்குத் தன் முகத்தைப் பார்த்தே அவள் சொன்ன மாதிரி இருந்தது. சாயங்கால பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். வேறு எங்கே கூட்டிப்போவது? அவளுக்கும் அந்தக் கடையைத் தவிர அடையாளம் எதுவும் தெரியாது.

இப்படித்தான் தங்கப்பழம் குடும்பஸ்தன் ஆனான். வெள்ளிக்கிழமை தோறும் பதினோரு மணிக்கு அவளுக்கு வலி வந்தது, வண்டி வந்தது, நர்ஸ் பொய் வலி என்றாள், சாயங்கால பஸ்ஸில் திரும்பினார்கள். மற்ற ஆறு நாளும் மற்ற வீடுகளைப் போல அந்த வீடும் இருந்தது. அவள் குழம்பு வைத்தாள், அவனுடைய மூன்று சட்டையில் இரண்டைத் தூக்கிப்போட்டாள், கடைக்கு வருகிறவர்களிடம் நாளைக்கு வாங்க என்று அவனைவிட அதட்டலாகச் சொன்னாள். மாசம் நாலு ஓடியும் அவளுக்கு ஒன்பது மாசம் ஒன்பது மாசமாகவே நின்றது. சில சமயம், "எங்க அம்ம வீடு எந்தூருங்க? நம்ம கல்யாணம் எங்க நடந்துச்சு?" என்று கேட்பாள். தங்கப்பழம் வேலை இருப்பதுபோல் குனிந்துகொள்வான். ஏதாவது ஒரு ஊரைச் சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். இன்னொரு பொய் சொல்லி இன்னொன்றும் வந்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. நூற்றெட்டை அவன் அப்புறம் டெஸ்டிங்குக்கு அடிக்கவே இல்லை. மைக் மாற்றினால் அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்த போனுக்குத்தான் அடித்தான். கேக்குதா என்பான். கேக்குது, கேக்குது, சாப்பிட வாங்க என்பாள். அவளை அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. முப்பத்தொன்பது வயசு வரைக்கும் தனக்கு வாய்க்காதது ஒரு கரகரப்பில் வாய்த்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான்.

ஐந்தாவது மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, பதினொன்றேகால் மணிக்கு, அவளை வண்டியில் ஏற்றிவிட்டுக் கடைக்குத் திரும்பி மெஷினில் உட்கார்ந்த சண்முகத்தாய்க்கு வாய் கோணிக்கொண்டு போயிற்று. வலது கை துணியிலிருந்து நழுவியது. யாரோ நூற்றெட்டுக்கு அடித்தார்கள், வண்டி பொய் வலியோடு தாலுகா ஆஸ்பத்திரி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த ஊர் வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து, வாழைத்தாருக்கு நடுவில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். உயிர் இருந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் என்று டாக்டர் சொல்லத் தொடங்கி, அங்கே நின்ற தங்கப்பழத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பத்து நாள் கழித்துச் சண்முகத்தாய் வீட்டுக்கு வந்தபோது அவன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பொய்யாக வந்தவர்களும் தலைக்கட்டுதானே, அவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இனி இப்படியே விட முடியாது, கூப்பிட்டவர்கள் அவரவர் பொய்யை அவரவரே திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று பேச்சு வந்தது. எப்படித் திருப்பி வாங்குவது? கந்தையாவுக்கு அன்றைக்கு மனசு ரொம்பக் கரைந்துபோயிருந்தது, சண்முகத்தாய் அவருக்குச் சித்தப்பா மகள். எழுந்து நின்று, எல்லார் முன்னாலேயும் நூற்றெட்டை அடித்து, "அம்மா, அன்னைக்கு வேப்ப மரத்தடில ஒருத்தரும் விழல. நான் பொய் சொன்னேன்" என்றார்.

மூன்றாவது வரிசையில் நீலச்சட்டைக்காரர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. அவர் கையில் பிடித்திருந்த டீ டம்ளர் கீழே உருண்டு, டீ பக்கத்து ஆள் வேட்டியில் பட்டது, சூடு ஆறாத டீ. செவ்வாய்க்கிழமை வண்டி இனிமேல் கிடைக்கும் என்று யாரோ மெதுவாகச் சொன்னார், அது நல்லதுதான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். கந்தையா நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றார். இன்றுவரைக்கும் அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை.

பிறகு எல்லார் முகமும் தங்கப்பழத்தின் பக்கம் திரும்பியது. ஊர்த்தலைவர் தொண்டையைக் கனைத்தார். "அடுத்த வெள்ளிக்குள்ள சொல்லிரு. வியாழன் சாயங்காலம் வரைக்கும் டயம்" என்றார். அவர் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர் இல்லை, அதற்குமேல் தங்கப்பழத்தின் கண்ணை அவரால் பார்க்க முடியவில்லை.

அவள் அதே கூட்டத்தில் பெண்கள் வரிசையில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டு வைத்துவிட்டு, "டீ டம்ளரு கீழ விழும்போது அவருக்கு வலிச்சிருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான். சண்முகத்தாயின் கை போனது அவனால்தான், அது அவனுக்குத் தெரியும். இவள் போய்விட்டால் இந்த உலகத்தில் அவனுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று நாள் தூங்காமல் கிடந்தான்.

புதன்கிழமை செல்வக்கனி போன் சரிபண்ண வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லாததால் மனசு விட்டுப் பேசினாள்.

"வெள்ளிக்கெழம வர்ற போன் காலுல உங்க குரல்தாண்ணே. எங்க சென்டர்ல பேசுத அக்கா சொல்லிச்சு. கடைசில பேரு என்னன்னு கேக்கும்போது கட் ஆயிருமாம். அந்தக் காலு முடியவே மாட்டேங்காம், அப்படியே தெறந்து கெடக்காம்."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாத்துக்கும் அதே எடந்தான். பொய் சொல்லுதவுக எல்லாம் பேரு கேட்டதும் வச்சிருதாவல்லா."

தங்கப்பழம் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு இருந்தான். அது ஹேங் ஆகி நின்றது. இந்த மாதிரி நிற்கிற போன் ஆயிரம் பார்த்திருக்கிறான். விவரம் தெரியாதவன் பேட்டரியைப் பிடுங்கிப் போடுவான், உள்ளே இருந்தது எல்லாம் அழிந்து போகும். திரையில் ஒரு ஓரத்தில் சின்னதாக ஏதாவது ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும், அதற்கு ஒரு பதிலைக் கொடுத்தால் போதும், தானாக ஓடத் தொடங்கிவிடும். கந்தையா பேட்டரியைப் பிடுங்கிவிட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

ராத்திரி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான், கரகரப்பிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல். அவள் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. நான் ஒரு பேரைச் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும், உன் பேர் என்னவென்று நீதான் சொல்ல வேண்டும் என்றான். அவள் விரல்களை மடக்கி எண்ணினாள்.

"அம்ம வீடு கெடையாது. ஊரு கெடையாது. எனக்குன்னு இருக்கது அந்த வெள்ளிக்கெழம ஒண்ணுதான். வெள்ளியம்மான்னு சொல்லுங்க" என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் ஊர் கூடி நின்றது. வெள்ளியம்மாள் படியில், முதல் நாள் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். தங்கப்பழம் அவள் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நூற்றெட்டை அடித்தான்.

"ஹலோ, கேக்குதா?"

பெருமூச்சு வந்தது. "கேக்குது சார். என்ன அவசரம்?"

"அஞ்சு மாசத்துக்கு முன்னால ஒரு கேள்வி கேட்டிய. பதில் சொல்லாம வச்சிட்டேன். அவ பேரு வெள்ளியம்மா. கூப்புட்டது நான், என் பேரு தங்கப்பழம், செவல்கரை மஞ்ச போர்டு மொபைல் கடை. எட்டு வருசமா டெஸ்டிங்னு சொல்லி உங்களத் தொந்தரவு பண்ணுனதும் நாந்தான். எழுதிக்கோங்க."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "வெள்ளியம்மாள்" என்று குரல் ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. "இப்ப அவங்களுக்கு வலி இருக்கா?"

"இல்ல. வண்டி வேண்டாம்மா. வேற யாருக்காவது அனுப்புங்க."

வைத்தபிறகுதான் பிடித்திருந்த கையைத் திரும்பிப் பார்க்கத் துணிந்தான். கை இருந்தது, கைக்கு மேலே அவளும் இருந்தாள். மறுநாள் பதினோரு மணிக்குப் பாதி ஊர் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. மணி பதினொன்றரை ஆயிற்று, அவளுக்குப் பசித்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. வண்டி ஆஸ்பத்திரி வாசலில் சும்மா நின்றது என்றும், ஆசீர்வாதம் அதைத் துடைத்து வைத்தான் என்றும் செல்வக்கனி போன் பண்ணிச் சொன்னாள். சனிக்கிழமை ஒரு போலீஸ்காரர் பொய்த் தகவல் கொடுத்ததற்கு வாக்குமூலம் எழுத வந்தார். பொய் எங்கே என்று கேட்டார், தங்கப்பழம் வெள்ளியம்மாளைக் காட்டினான், அவள் அவருக்குக் காப்பி கொடுத்தாள். அவர் காப்பியைக் குடித்துவிட்டு 'விசாரணையில் உள்ளது' என்று எழுதிக்கொண்டு போனார்.

கூப்பிட்ட மற்றவர்களில் மூன்று பேர் அந்த வாரமே போன் பண்ணிப் பேர் சொல்லிவிட்டார்கள். மஞ்சள் சேலைக்காரிக்குப் பாப்பாத்தி என்று பேர் அமைந்தது. கந்தையா மட்டும் தினமும் வேப்ப மரத்தடிக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். உரக்கடை லிங்கதுரை, அண்ணன் பேரைச் சொன்னால் தன் பேரையும் சொல்ல வேண்டி வரும், போலீஸ் கீலீஸ் என்று தனக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டார். ஒரு வியாழக்கிழமைதானே, போகட்டும் என்று ஊரும் விட்டுவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை அஞ்சு பத்துக்கு வெள்ளியம்மாள் கடைப் படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தங்கப்பழம் நூற்றெட்டை அடித்தான். அந்தக் குரல்தான்.

"அம்மா, நான் தங்கப்பழம். வலி வந்துட்டு. இது பொய் இல்லம்மா."

"தெரியுது. வண்டி பாம்புக்கடி கேஸ்ல போயிருக்கு. இறக்கிட்டு வர முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும். அடுத்த வண்டிக்கும் சொல்லிட்டேன்."

முப்பத்தைந்து நிமிஷம் என்றால் எவ்வளவு என்று தங்கப்பழத்துக்கு அதுவரைக்கும் தெரியாது. வாழைத்தாருக்கு நடுவில் சண்முகத்தாய் கிடந்தது கண் முன்னால் வந்தது, நமக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தான், நினைத்ததும் அழுதுவிட்டான். வெள்ளியம்மாளுக்குப் பனிக்குடம் உடைந்தது.

"அழாதீங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றது குரல். "பக்கத்துல பொம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

அடுத்த கடை ஷட்டர் சரசரவென்று பாதி ஏறியது. ஒரு மாசமாக ஊசி தொடாமல், ஆனாலும் வீடு திரும்பியதிலிருந்து தினமும் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்த சண்முகத்தாய், இடது கையால் சுவரைத் தாங்கிக்கொண்டு, வலது காலை இழுத்துக்கொண்டு வந்தாள். தோளில் பிரிக்காத வெள்ளை லைனிங் துணி, இடுப்பில் கத்தரிக்கோல். தங்கப்பழத்தைப் பார்க்கவே இல்லை. இடது கையால் அவனைத் தள்ளிவிட்டு, வெள்ளியம்மாளைக் கடைக்கு உள்ளே கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டினாள்.

குரல் சொல்லச் சொல்லச் செய்தார்கள். தலை தெரியுதா என்றது, தெரியுது என்றான். இழுக்காதீங்க, கையை அடியில வச்சுத் தாங்குங்க என்றது. தாங்கியது சண்முகத்தாயின் இடது கை. அவள் துணியில் ஏந்தி, தொப்புள்கொடியை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தபோது, "எதையும் வெட்டாதீங்க, வண்டி வரட்டும்" என்று குரல் அதட்டியது, அவள் மனசில்லாமல் அதைக் கீழே வைத்தாள். பிள்ளை அழவில்லை. முதுகைத் துணியால தேய்ச்சு விடுங்க, இன்னும், இன்னும் என்றது குரல். ஒரு கையால் எவ்வளவு தேய்க்க முடியும்? தங்கப்பழம் கையை நீட்டினான், சண்முகத்தாய் முதன்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டு இடம் விட்டாள். அவள் இடது கையும் அவன் வலது கையும் சேர்ந்து தேய்த்தன.

பிள்ளை வீல் என்று அழுதது.

தங்கப்பழம் போனைப் பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தான். "ஹலோ, ஹலோ, கேக்குதா?"

"கேக்குது" என்றது குரல். "நல்லா கேக்குது தங்கப்பழம்."

சண்முகத்தாய் இடது கையால் அவன் பிடரியில் ஒரு தட்டு தட்டினாள், வலிக்கிற தட்டுதான், அப்புறம் அதே கையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். வெளியே வண்டி வந்து நின்றது, செல்வக்கனி பையோடு ஓடி வந்தாள். வெள்ளியம்மாள் பிள்ளையை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டு, பெண் பிள்ளை என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

"பேர் ஏதாவது யோசிச்சிருக்கீங்களா?" என்று கேட்டது குரல்.

"பேரு மெதுவா வைப்போம்மா" என்றான் தங்கப்பழம். "இப்ப போன வைக்கேன். லைன்ல வேற யாராவது காத்துக்கிட்டு இருப்பாவ."